முட்டைக்கு ஒரு வர்த்தமானி

2023 சனவரியில் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை முட்டைக்கு ஒரு வர்த்தமானி வெளியிட்டது. வெள்ளை முட்டை ஒன்று ஆகக்கூடியது 44 ரூபா. சிவப்பு முட்டை ஒன்று 46 ரூபா. கூட்டி விற்றால் வழக்கு. ஓட்டின் நிறம் பார்த்து இரண்டு ரூபா வித்தியாசம் போட்ட அந்த நுணுக்கத்தை நினைத்து எனக்கு மெய்சிலிர்த்தது. கோழி என்ன நிறத்தில் இட்டது என்பதுவரை விசாரிக்கிற அரசாங்கம் வேறு எதைத்தான் கவனிக்காமல் விடும் என்று நம்பி, முட்டைப் பையோடு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பினேன்.

ஒழுங்கை முகப்பில் தேத்தண்ணிக் கடை. அங்கே மாதத்துக்கு ஒருமுறை பி.எச்.ஐ. எனும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து வடைத் தட்டுக்கு மூடி இருக்கிறதா என்று பார்ப்பார். அடுத்தது பாமசி. மருந்தாளரின் பதிவுச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அடுத்தது சலூன், மாநகரசபை அனுமதிப்பத்திரம் சுவரில். வாசலில் நிற்கிற ஓட்டோக்காரரிடம் சாரதி அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ் மூன்றும் உண்டு. ஒன்று குறைந்தாலும் பொலிஸ் மறிக்கும்.

இவ்வளவும் தாண்டினால் ஒரு மாடிவீடு. வீட்டுக்காரர் கனடாவில். வாசலில் பெயர்ப்பலகை. பெயரின் முற்பாதி ஒவ்வொரு வருடமும் மாறும், பிற்பாதி மாறாது: 'இன்டர்நஷனல் ஸ்கூல்'. கார்க் கொட்டில்தான் பௌதிகவியல் ஆய்வுகூடம். குசினி இரசாயன ஆய்வுகூடம். தண்ணீர்க் குழாய் ஏற்கெனவே இருந்தது. சாமியறை நூலகமாகிவிட்டது. முன்பும் பூட்டித்தான் இருந்தது, இப்போதும் பூட்டித்தான் இருக்கிறது. இலச்சினையில் ஒரு பூகோளம், ஒரு விரித்த புத்தகம், ஒரு தீப்பந்தம், கீழே இலத்தீனில் ஒரு மகுடவாசகம். அதன் அர்த்தம் ஒழுங்கையில் யாருக்கும் தெரியாது. 32 பாகை வெயிலில் பிள்ளைகள் கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டுக்கொண்டு வான் வண்டியில் இருந்து இறங்குவார்கள். பௌதிகவியல் படிப்பிக்கிறவர் போன வருடம் இதே இடத்தில் கடைசி வாங்கில் இருந்த பெடியன். தன்னுடைய பெறுபேறு வரும்வரைக்கும் மற்றவர்களின் பெறுபேற்றைத் தயாரித்துக்கொண்டிருக்கிறான்.

இந்த வாசலுக்கு எந்தப் பரிசோதகரும் வருவதில்லை. வடைக்கு மூடி உண்டா என்று பார்த்தவர் இந்தப் படலையைக் கடந்து போய்விடுவார். அவரில் பிழை இல்லை. சட்டப்படி இது பாடசாலை அல்ல.

இந்த விந்தைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் வந்தது. 1960இன் 5ஆம் இலக்கச் சட்டத்தாலும் 1961இன் 8ஆம் இலக்கச் சட்டத்தாலும் சிறிமாவோ அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைத் தன் கையில் எடுத்தது. இரண்டாவது சட்டத்தில் ஒரு பிரிவு: 5 வயதுக்கும் 14 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்கு அரசைத் தவிர வேறெவரும் இனிமேல் பாடசாலை தொடங்கக் கூடாது. கல்வி கடைச்சரக்கு ஆகக் கூடாது என்பதற்காகப் போட்ட பூட்டு அது. நோக்கத்தில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அந்த இலவசக் கல்வியில்தான் நானும் எழுத்துக் கூட்டினேன்.

பிறகு திறந்த பொருளாதாரம் வந்தது. வசதி படைத்தவர்களுக்கு ஆங்கிலத்தில் படிப்பிக்கிற, கட்டணம் வாங்குகிற பள்ளிக்கூடம் வேண்டும். பூட்டைத் திறக்கலாம்தான். ஆனால் திறப்பதற்குப் பாராளுமன்றத்தில் கை உயர்த்த வேண்டும், உயர்த்திய கை அடுத்த தேர்தலில் ஞாபகம் வைக்கப்படும். ஆகவே பூட்டைத் தொடவில்லை. சட்டத்தரணி ஒருவரைக் கூப்பிட்டார்கள். 'பாடசாலை' தொடங்கத்தானே தடை? 'கம்பனி' தொடங்கத் தடையில்லையே. 1982இன் கம்பனிகள் சட்டம், பிறகு 2007இன் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம். கட்டடச் சாமான் கடை, றால் ஏற்றுமதி, பாலர் வகுப்பு முதல் லண்டன் ஏ எல் வரை, எல்லாம் ஒரே படிவம்.

பாருங்கள் தர்க்கத்தின் அழகை. இப்படியொரு பாடசாலை இருக்கக் கூடாது என்கிறது சட்டம். ஆகவே அது இல்லை. இல்லாத பாடசாலைக்கு எப்படிப் பரிசோதகரை அனுப்புவது? இல்லாத ஆசிரியருக்கு எப்படித் தகைமை கேட்பது? பிள்ளையைக் காக்கப் போட்ட சட்டம் அறுபது வருடம் கடந்து வியாபாரிக்குக் குடையாகி நிற்கிறது.

போய்க் கேட்டால் வரக்கூடிய பதில்களை நான் இருந்த இடத்திலேயே எழுதித் தருகிறேன், உங்களுக்கு பஸ் காசு மிச்சம். கல்விப் பக்கம் போனால்: "ஐயா, அது எங்கட பட்டியலில இல்லை. அது கொம்பனி." கம்பனிப் பக்கம் போனால்: "வருடாந்த விபரத்திரட்டு ஒழுங்காக் குடுத்திருக்கினம். பணிப்பாளர் சபை இருக்கு. உங்களுக்கு என்ன பிரச்சினை, நீங்கள் பங்குதாரரோ?" இல்லை. கம்பனிச் சட்டத்தில் பங்குதாரர் உண்டு, பணிப்பாளர் உண்டு, கடன் கொடுத்தவர் உண்டு, கணக்காய்வாளர் உண்டு. பிள்ளை என்றொரு ஆள் அதில் இல்லை. மிஞ்சிப்போனால் நீங்கள் ஒரு நுகர்வோர். முட்டை வாங்கியவரோடு வரிசையில் நில்லுங்கள். அவருக்காவது கையில் ஒரு வர்த்தமானி இருந்தது.

"அதனாலென்ன, பரீட்சை லண்டன் பரீட்சை அல்லவா? பாடசாலை எப்படி இருந்தாலும் சான்றிதழ் வெள்ளைக்காரன் தருவது" என்பார்கள். எங்கள் சனத்துக்கு அந்தச் சொல்லில் இருக்கும் மயக்கம் கொஞ்சநஞ்சமல்ல. லண்டன் ஓ எல் எழுதினால் கட்டுநாயக்கவில் குடியகல்வு முத்திரை விழுந்த மாதிரி. லண்டன் ஏ எல் எழுதினால் பாதிக் கடலைத் தாண்டின மாதிரி. அந்த 'லண்டன்' என்ற சொல்லையும் கொஞ்சம் தட்டிப் பார்ப்போம்.

ஒருகாலத்தில் லண்டன் பல்கலைக்கழகத்தின் பெயரில் ஒரு பரீட்சைச் சபை இருந்தது உண்மை. 1996இல் அது இன்னொரு சபையோடு சேர்ந்து எடெக்செல் ஆகியது. 2003இல் பியர்சன் கம்பனி அதற்குள் காலடி வைத்தது, பின்னர் முழுவதும் தனதாக்கிக்கொண்டது. பியர்சன் லண்டன் பங்குச்சந்தையில் விலை போகிற கம்பனி. 'பைனான்சியல் டைம்ஸ்' பத்திரிகையை வைத்திருந்து 2015இல் விற்றார்கள். அதற்கும் முன்னர், 1998வரை, மடாம் துசோ மெழுகுப் பொம்மைக் காட்சிசாலைகூட அவர்களுடையதாக இருந்தது. மெழுகை விற்று ஐந்து வருடத்தில் பரீட்சையை வாங்கினார்கள். ஆக இன்றைக்கு எங்கள் 'லண்டன் ஏ எல்'லில் இருக்கிற லண்டன், அந்தப் பங்குச்சந்தைதான்.

இன்னும் ஒன்று கேளுங்கள். எங்கள் பிள்ளைகள் எழுதுகிற பியர்சனின் சர்வதேச உயர்தரப் பரீட்சையை லண்டனில் எழுத முடியாது. அது பிரித்தானியாவுக்கு வெளியே இருக்கிற நிலையங்களுக்கு மட்டும். வெள்ளவத்தையில் எழுதலாம், டாக்காவில் எழுதலாம், டுபாயில் எழுதலாம். லண்டனில் எழுத முடியாத லண்டன் ஏ எல்! திருநெல்வேலிக்காரன் வாயில் வைக்க முடியாத திருநெல்வேலி அல்வாவை வேறெந்த ஊரிலாவது கேள்விப்பட்டதுண்டா?

இங்கிலாந்து தன் பிள்ளைகளின் ஏ லெவலை 2015 முதல் மாற்றியது. பாடத்தைத் துண்டுதுண்டாக எழுதி, குறைந்த துண்டைத் திரும்பத் திரும்ப எழுதிப் புள்ளி ஏற்றுகிற முறை படிப்பைக் கெடுக்கிறது என்று சொல்லி, இரண்டு வருட முடிவில் ஒரே பரீட்சை என்று ஆக்கியது. அந்தத் தீர்ப்புச் சரியோ பிழையோ, வாதாடலாம். ஆனால் அங்கே கழித்த அந்தத் துண்டுமுறை எங்களுக்கு வருகிற சரக்கில் அப்படியே இருக்கிறது. சனவரி, யூன், ஒக்டோபர் என்று வருடத்துக்கு மூன்று தவணை. அது வசதி என்று விளம்பரமும் செய்கிறார்கள். புறக்கோட்டை நடைபாதையில் சீமையில் இருந்து வந்த பழைய கோட்டுகளைக் குவித்து விற்பார்கள், பார்த்திருப்பீர்கள். அங்கே விலையாவது மலிவு.

காலி வீதியில் ஒவ்வொரு சமிக்ஞை விளக்குக்கும் மேலே ஒரு பிள்ளையின் படம் தொங்குகிறது: 'உலக முதலிடம்'. பிள்ளை கெட்டிக்காரிதான், சந்தேகமில்லை. கண்முழித்துப் படித்திருக்கிறாள், அவளைக் கை தட்டிப் பாராட்ட வேண்டும். ஆனால் அந்த உலகம் எந்த உலகம் என்று பலகை சொல்லாது. அவள் எழுதியது இந்தச் சர்வதேச உயர்தரம் என்றால் அந்த உலகத்தில் இங்கிலாந்து இல்லை. இதைச் சொன்னால் பள்ளிக்கூடத்து முதலாளிக்குக் கோபம் வரும். பலகை அடிக்கக் காசு செலவழித்தவர் அவர்.

பலகையில் இன்னொரு வரியும் இருக்கும்: 'நூறு வீதம் சித்தி'. நூறு வீதம் எப்படி வருகிறது என்பது பெற்றாருக்குத் தெரியும். மாதிரிப் பரீட்சையில் தடுமாறுகிற பிள்ளையின் தாயைக் கூப்பிட்டு, "அன்ரி, இவரைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியா எழுதச் சொல்லுங்கோவன், அவருக்கும் நல்லது" என்று இனிமையாகச் சொல்வார்கள். பதினொரு வருடம் கட்டணம் வாங்கும்போது எங்கள் பிள்ளை. பரீட்சை மண்டபத்தில் யாரோ ஒரு பிள்ளை. இப்படி ஒரு சதவீதம் பலகையில் ஏறலாமா என்று கேட்க எவருக்கு அதிகாரம் இருக்கிறது? மருந்துப் போத்தலில் 'நூறு வீதம் குணமாகும்' என்று எழுதினால் ஆள் உள்ளே போவார்.

இனி இங்கிலாந்துப் பக்கம் போவோம். அங்கே ஒஃப்குவால் என்றொரு ஒழுங்குமுறை அலுவலகம் இருக்கிறது. கொவென்றி நகரில். 2010இல் இருந்து சட்டபூர்வமாக இயங்குகிறது. ஓ எல்லுக்குச் சமமான ஜி.சி.எஸ்.இ., ஏ லெவல் வினாத்தாள்களின் தரத்தையும் புள்ளியிடுவதையும் சபைகள் விடும் பிழைகளையும் பார்ப்பது அதன் வேலை. பிழை விட்ட சபைக்குத் தண்டப்பணமும் போடும். எங்கள் பிள்ளைகள் எழுதுகிற பியர்சனின் சர்வதேசப் பதிப்புகள் அதன் மேற்பார்வையில் இல்லை. அதிலும் வஞ்சகம் எதுவுமில்லை. இங்கிலாந்தின் அலுவலகம் இங்கிலாந்தின் பிள்ளையைப் பார்க்கிறது. இங்கிலாந்து அரசு சர்வதேச ஜி.சி.எஸ்.இ.யைத் தன் பாடசாலைத் தரவரிசைப் பட்டியலிலும் இப்போது எண்ணுவதில்லை. புதிய ஜி.சி.எஸ்.இ. 2017 முதல் பாடம் பாடமாக வர, இது பட்டியலில் இருந்து பாடம் பாடமாக வெளியே போனது. அங்கே தனியார் பாடசாலைகள் சில இன்னும் அதைத்தான் எழுதுகின்றன. அது இலகுவானதா என்று அவர்களுடைய பாராளுமன்றத்திலும் கேள்வி எழுந்தது. எங்களுடைய பாராளுமன்றத்தில் எழவில்லையே என்று கேட்காதீர்கள். உறுப்பினர்கள் பிள்ளைகளை வகுப்பில் இறக்கிவிட்டு வருவதற்குள் கேள்வி நேரம் முடிந்துவிடுகிறது.

"அப்போ தரத்தை ஆர் உறுதிப்படுத்துகினம்?" என்று கேட்டால் ஒரு அறிக்கையைக் காட்டுவார்கள். வெளிநாட்டுச் சான்றிதழ்களை ஒப்பிட்டுச் சொல்கிற பிரித்தானிய நிலையம் ஒன்று இருக்கிறது, முன்பு யூ.கே. நாரிக், 2021 முதல் யூ.கே. ஈனிக். 'இந்தச் சர்வதேசப் பரீட்சை உள்ளூர்ப் பரீட்சைக்குச் சமம்' என்று அது ஆராய்ந்து எழுதியிருக்கிறது. அந்த ஆராய்ச்சியைச் செய்யச் சொன்னது யார்? பரீட்சையை விற்கிற சபையேதான். ஆராய்ந்தவர்கள் நேர்மையானவர்களாகவே இருக்கட்டும். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் காசு கொடுத்துப் பிடித்த தரகர் மாப்பிள்ளை தங்கம் என்று எழுதித் தந்தால் எங்கள் பொம்பிளை வீட்டார் இன்னும் இரண்டு இடத்திலாவது விசாரிப்பார்கள். பிள்ளையின் படிப்புக்கு மட்டும் அந்த வழக்கம் இல்லை.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் இந்தச் சான்றிதழை ஏற்றுக்கொள்கின்றன. அது உண்மை. வெளிநாட்டு மாணவர் கட்டுகிற கட்டணத்தையும் சேர்த்து ஏற்றுக்கொள்கின்றன.

ஒழுங்குபடுத்துபவர் இருந்துவிட்டால் எல்லாம் சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. 2020ஐ மறக்க முடியுமா? கொரோனாவால் பரீட்சை நின்றது. ஆசிரியர் கொடுத்த தரங்களை ஒஃப்குவாலின் கணக்குச் சூத்திரம் சலித்தது. ஓகஸ்ட் 13இல் பெறுபேறு வந்தபோது இங்கிலாந்தின் ஏ லெவல் தரங்களில் ஏறத்தாழ 39 வீதம் ஆசிரியர் கொடுத்ததற்குக் கீழே இறங்கியிருந்தன. ஏழைப் பகுதிப் பாடசாலையில் படித்த கெட்டிக்காரப் பிள்ளையைச் சூத்திரம் அந்தப் பாடசாலையின் பழைய பெறுபேற்றோடு சேர்த்துக் கீழே இழுத்தது. ஒழுங்குபடுத்துபவரே செய்த அநியாயம் அது.

ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். பிள்ளைகள் தெருவுக்கு வந்தார்கள், பதாகை பிடித்தார்கள், அமைச்சரின் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். நாலே நாளில், ஓகஸ்ட் 17இல், முடிவு தலைகீழானது. மாதம் முடிவதற்குள் தலைமை ஒழுங்குபடுத்துநர் சலி கொலியர் பதவி விலகினார். கத்துவதற்கு ஒரு வாசல் இருந்தது. அந்த வாசலுக்கு ஒரு முகவரி இருந்தது. உள்ளே இருந்தவருக்கு இழப்பதற்கு ஒரு கதிரை இருந்தது.

அதே மாதம் 11இல், எங்கள் பிள்ளைகள் எழுதுகிற இன்னொரு சபையான கேம்பிரிட்ஜின் சர்வதேசப் பெறுபேறுகளும் வந்தன. அங்கேயும் தரங்கள் இறங்கியிருந்தன. பாகிஸ்தானில் மாணவர்கள் கொதித்தார்கள், கல்வி அமைச்சரே கேம்பிரிட்ஜோடு பேசினார். இங்கிலாந்து பின்வாங்கியதும் கேம்பிரிட்ஜும் பின்வாங்கியது. பாடசாலை கணித்த தரத்துக்குக் கீழே எவருக்கும் போடுவதில்லை என்றது. கொழும்புப் பிள்ளைக்கும் அந்த நன்மை கிடைத்தது. இங்கே பெறுபேறு வந்த வாரம் தேர்தல் முடிந்த கையோடு கண்டியில் மகுல் மடுவ மண்டபத்தில் புதிய அமைச்சரவை பதவியேற்றுக்கொண்டிருந்தது. லண்டனிலும் லாகூரிலும் பிள்ளைகள் போட்ட சத்தத்தில் எங்கள் பிள்ளைக்கு நீதி சிந்தியது. கலியாண வீட்டில் பந்தி முடிந்து மிஞ்சியதைப் படலையில் நிற்பவருக்குக் கொடுப்பதுபோல.

வினாத்தாள் கசிவிலும் இதே கதைதான். 2024 செப்டெம்பரில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் மூன்று கேள்விகள் முன்னரே வெளியே வந்துவிட்டன. வெட்கக்கேடு. ஆனால் வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. டிசம்பர் 31இல், எல்லாப் பிள்ளைக்கும் அந்த மூன்று கேள்விக்கும் முழுப் புள்ளி கொடு என்று நாட்டின் உச்ச மன்று பத்து வயதுப் பிள்ளைகளுக்காகத் தீர்ப்புச் சொன்னது. அந்த வருடம் சனவரியில் உயர்தர விவசாய விஞ்ஞான வினாத்தாள் கசிந்தபோது பரீட்சையை இரத்துச் செய்து திரும்ப நடத்தினார்கள். பரீட்சைத் திணைக்களத்தை நான் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். திட்டுவதற்கு அது பத்தரமுல்லையில் இருக்கிறது.

2025 யூன் தவணையில் பாகிஸ்தானில் கேம்பிரிட்ஜின் கணித வினாத்தாள்கள் இரண்டிலும் கணினி வினாத்தாள் ஒன்றிலும் சில பகுதிகள் பரீட்சைக்கு முன்னரே சிலர் கைக்குப் போயிருந்தன. கேம்பிரிட்ஜே ஒப்புக்கொண்டது, கசிந்த கேள்விகளுக்கு முழுப் புள்ளி வழங்கியது. அங்கே பாராளுமன்றக் குழு கூப்பிட்டு விசாரித்தது. நாளைக்கு இங்கே கசிந்தால் எங்கள் பிள்ளை எந்த நீதிமன்றத்துக்குப் போவது? எந்தக் குழு யாரைக் கூப்பிடும்? இணையத்தளத்தில் 'எங்களைத் தொடர்புகொள்ள' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால், உங்கள் பாடசாலை ஊடாகத் தொடர்புகொள்ளுங்கள் என்று வரும்.

இதை நான் கற்பனையில் சொல்லவில்லை. மூன்று வீடு தள்ளி இருக்கிற ஒரு தகப்பனோடு அந்தப் பொத்தானை அழுத்தியவன் நான். பெயர் வேண்டாம், அவருடைய இளையவன் இன்னும் அதே பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறான். மூத்தவன் ஏ எல் எழுத வேண்டும். தகப்பன் பங்குனியிலேயே பரீட்சைக் கட்டணம் கட்டிவிட்டார். பற்றுச்சீட்டில் ஒரு மொத்தத் தொகை, சபைக்கு எவ்வளவு, பள்ளிக்கூடத்துக்கு எவ்வளவு என்ற பிரிப்பு இல்லை. ஒரு வரியில் 'ஏனையவை' என்று மட்டும் இருந்தது. பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது நேரசூசி வந்தது. அதில் ஒரு வினாத்தாளைக் காணவில்லை. பதிவு செய்யும்போது யாரோ ஒரு குறியீட்டைப் பிழையாக அடித்துவிட்டார்கள்.

"அங்கிள், அது சபையின்ர சிஸ்டம் பிழை" என்றாள் வரவேற்பு மேசைப் பிள்ளை.

"பிள்ளை, அப்ப சபையோட கதைச்சுத் திருத்துங்கோ."

"பிந்தினால் லேட் ஃபீ இருக்கு அங்கிள். நீங்கள்தான் கட்டவேணும்."

"பிழை விட்டது நானோ?"

அவள் சிரித்தாள். கெட்ட பிள்ளை இல்லை. அவளும் போன வருடம் இங்கே படித்தவள்தான்.

அதிபரைச் சந்திக்க நேரம் கிடைக்கவில்லை. பணிப்பாளர் வெளிநாட்டில் இருந்தார். சபைக்கு மின்னஞ்சல் எழுதினோம். பரீட்சார்த்தியோடு நேரடியாகப் பேசுவதில்லை, நிலையத்தினூடாக வாருங்கள் என்று பண்பாகப் பதில் வந்தது. அவர்களுடைய விதி அப்படி. நிலையம் என்பது அந்தக் கார்க் கொட்டில். பிழை செய்தவரின் கடிதம் இல்லாமல் பிழையைப் பற்றி முறையிட முடியாது.

"கல்வி அமைச்சுக்கு எழுதுவமோ?" என்று கேட்டார் அந்தத் தகப்பன். சட்டம் தெரிந்த என் வாய்தான் சொன்னது: "அண்ணை, அது பாடசாலை இல்லை."

ஏன் அங்கே சேர்த்தார் என்று அவரைக் குறை சொல்ல வருபவர்கள் கொஞ்சம் பொறுங்கள். 2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையை ஒத்திவைத்தார்கள். வினாத்தாள் அடிக்கக் கடதாசி இல்லை. அந்த வருடத்து உயர்தரப் பரீட்சை அடுத்த வருடம் சனவரியில் தொடங்கியது, பெறுபேறு 2023 செப்டெம்பரில் வந்தது. பிள்ளையின் இளமையைத் தவணை முறையில் தின்கிற இப்படியான ஒழுங்கீனத்தைப் பார்த்து ஓடியவர்தான் அவர். டொலர் 200 ரூபாவில் இருந்து 360க்கு ஏறிய அதே வருடத்தில், பவுணில் கணக்குப் போடுகிற பரீட்சைக்கு மனைவியின் காப்பை விற்றுக் கட்டினார். சொன்ன திகதிக்குப் பரீட்சை, சொன்ன திகதிக்குப் பெறுபேறு. அவர் கேட்டது அவ்வளவுதான். வினாத்தாள்கள் நல்லவை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பல பாடங்களில் எங்கள் மனப்பாடப் பரீட்சையை விடச் சிந்திக்க வைப்பவை. நல்ல சர்வதேசப் பாடசாலைகளும் உண்டு, தகைமையுள்ள ஆசிரியர்களும் உண்டு. அவை நல்லவையாக இருப்பது நடத்துகிறவர்களின் மனச்சாட்சியால். நாளைக்கு மனச்சாட்சி மாறினாலும் விபரத்திரட்டு ஒழுங்காகவே போகும்.

ஆட்சிக்கு ஆட்சி ஒரு வசனம் கேட்கிறது: "சர்வதேச பாடசாலைகளை ஒழுங்குபடுத்துவோம்." பரிசளிப்பு விழாவில் பிரதம விருந்தினராக வந்து, அந்தப் பூகோள இலச்சினை பதித்த மேடையில் நின்றே அதைச் சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு. 1961இன் பிரிவை நீக்குங்கள், அல்லது அமுல்படுத்துங்கள். இரண்டுக்கும் துணிவில்லையென்றால் குறைந்தது மூன்று வரியில் ஒரு வர்த்தமானி போடுங்கள்: பிள்ளைக்குப் படிப்பிக்கிறவரின் தகைமையை வாசலில் தொங்கவிடு; சபைக்குப் போகிற காசையும் உனக்குப் போகிற காசையும் பற்றுச்சீட்டில் பிரித்து எழுது; முறைப்பாடு கேட்க ஒரு மேசையும் அதன் பின்னால் ஒரு மனிதரும் வை. பாமசிக்காரரும் சலூன்காரரும் ஓட்டோக்காரரும் இவற்றைச் செய்துகொண்டுதானே பிழைக்கிறார்கள்? முட்டையின் நிறத்தைப் பார்த்து எழுதிய கைக்கு இது பெரிய வேலையா?

பையன் அந்த வினாத்தாளை அடுத்த தவணையில் எழுதினான். பிந்திய கட்டணத்தைத் தகப்பன்தான் கட்டினார். அதற்கும் ஒரு பற்றுச்சீட்டுக் கொடுத்தார்கள். 'ஏனையவை' என்று எழுதியிருந்தது.